தரப் பள்ளமும் தரப் பயணியும்

அன்று காலை அவர் என்னிடம் கடைசியாக வாங்கிக்கொண்டு போனது ஒரு கையெழுத்து.

ஆறாம் எண் படிவம். "இன்று காலை வீட்டில் சச்சரவு எதுவும் நடைபெறவில்லை. பயணி சமநிலையான மனதுடன் புறப்படுகிறார்" என்று அதில் அச்சடித்திருக்கும். கீழே மனைவி அல்லது உடன் வசிப்பவர் கையெழுத்திட வேண்டும். அன்று சச்சரவு நடந்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறை பல்பு எரிந்துபோய் நாலு நாளாகியிருந்தது. தினமும் வரும்போது வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போவார், வெறுங்கையோடு வருவார்.

"நாலு நாளா இருட்டுல குளிக்கிறேன். இன்னைக்கும் மறந்துட்டு வந்தீங்கன்னா நாளைக்குக் கையெழுத்து கிடையாது" என்றேன்.

"கையெழுத்து இல்லேன்னா என் மனசு சமநிலையில இல்லன்னு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவாங்களே."

"அனுப்பட்டும். வர்ற வழியில பல்பு வாங்கிட்டு வாங்க."

"நாற்பது வாட்டா, அறுபதா?"

"நாற்பது. இதோட அஞ்சாவது தடவை சொல்றேன்."

சச்சரவு நடைபெறவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளிக்கதவை இழுத்துச் சாத்தும்போது, எப்போதும் போல, "ரைட்" என்று ஒரு குரல் கொடுத்தார். நான் உள்ளே வந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினேன்.

அவர் இருபத்தாறு வருடம் பேருந்து நடத்துனராக இருந்தவர். இருபத்தாறு வருடமும் நின்றுகொண்டே பயணம் செய்தவர். முதுகு ஒத்துழைக்க மறுத்ததும் வேலையை விட்டார். வீட்டில் மூன்று மாதம் நாற்காலிக்கு நாற்காலி மாறி உட்கார்ந்துகொண்டிருந்தார். அப்போதுதான் பயணச் சொகுசு மதிப்பீட்டு வாரியத்தின் விளம்பரம் வந்தது. "உட்கார்ந்து பயணம் செய்யத் தெரிந்தவர் தேவை" என்று இருந்தது.

விலை உயர்ந்த கார்களில் எதன் சஸ்பென்ஷன் சிறந்தது என்று வருடா வருடம் ஒப்பிட்டுச் சொல்வதுதான் வாரியத்தின் வேலை. அந்தக் கார்களை வாங்குகிறவர்கள் வாரியத்தின் அறிக்கையைப் படிப்பதில்லை. படிக்கிறவர்கள் பேருந்தில் போகிறவர்கள். இதை அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். வாரியம் நாற்பது வருடமாகியும் கண்டுபிடிக்கவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு இருநூறு பேர் வந்திருந்தார்களாம். எல்லாரையும் ஒரு கூடத்தில் மர நாற்காலிகளில் உட்கார வைத்துவிட்டு அதிகாரிகள் சாப்பிடப் போய்விட்டார்கள். யார் அசைந்தாலும் வெளியே. ஒருவர் கால்மேல் கால் போட்டார், போனார். ஒருவர் தும்மினார், போனார். என் கணவரை வாழ்நாளில் யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. இரண்டேகால் மணி நேரம் கழித்து அதிகாரிகள் ஏப்பத்துடன் திரும்பி வந்தபோது அவர் ஒருவர்தான் மிச்சம். மறுநாளே "தரப் பயணி" என்று பட்டம் கொடுத்து நியமன ஆணை வந்தது.

என் தங்கை அதை வாசித்துவிட்டு, "மாமாவுக்கு சும்மா உட்கார்றதுக்கு ஒரு பதவியா? எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க, ஒருத்தருக்கும் பட்டம் கொடுக்கலையே" என்றாள்.

"உங்க ஆபீஸ்ல நடுவுல எழுந்து டீ குடிக்கப் போறாங்கல்ல. அதான்" என்றார் அவர்.

சும்மா உட்கார்வது எவ்வளவு சிரமமான வேலை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தரப் பயணி என்பவர் ஓர் ஆள் இல்லை, ஓர் அளவுகோல். அளவுகோல் நீளவோ குறுகவோ கூடாது. அவருடைய எடை எப்போதும் எழுபத்திரண்டு கிலோ இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை நானூறு கிராம் கூடிவிட்டது. அவருக்கு எதுவும் சொல்லவில்லை, எனக்குக் கடிதம் வந்தது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கும்படி கேட்டிருந்தார்கள். தங்கை குடும்பத்தோடு வந்து நாலு நாள் தங்கியிருந்ததால் சமையல் கொஞ்சம் நன்றாக அமைந்துவிட்டது என்று எழுதினேன். "இனி இவ்வாறு நிகழாது என நம்புகிறோம்" என்று பதில் வந்தது. விருந்தாளி வருவதைச் சொன்னார்களா, சமையலைச் சொன்னார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அளவுகோல் அவர் என்றால், அளக்கப்படும் பொருள் தரப் பள்ளம். அது வாரியத்தின் வாசலுக்கு நேர் எதிரே, பொதுச் சாலையில் இருக்கிறது. ஆழம் பதினொரு சென்டிமீட்டர். சோதனைப் பாதை இருபது கிலோமீட்டர், அதன் கடைசி அங்கம் இந்தப் பள்ளம். எல்லா வண்டியும் இதில் இறங்கி ஏறித்தான் வாரியத்துக்குள் நுழைய வேண்டும். சாலைத் துறைக்காரர்கள் ஒருமுறை நல்ல எண்ணத்தில் தாரோடு வந்துவிட்டார்கள். வாரியத்தின் ஊழியர்கள் மொத்தப் பேரும் பள்ளத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றார்களாம். அதற்குப் பிறகு பள்ளத்துக்கு ஒரு காவலர், அவருக்கு ஒரு குடை, ஒரு நாற்காலி, ஓர் அளவுகோல் எல்லாம் கொடுத்தார்கள். மழைக்குப் பிறகு பள்ளம் பதினொன்றரை ஆகிவிட்டால் கொத்தனாரைக் கூப்பிட்டு அரை சென்டிமீட்டர் பூசுவார்கள். காய்கிறவரை காவலர் பக்கத்திலேயே உட்கார்ந்து நாயை விரட்டுவார். பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கள் தெருப் பள்ளங்களையும் அந்தக் கொத்தனாரே அப்படியே பூசிவிடக்கூடாதா என்று மனுக் கொடுத்தார்கள். அவை தரமற்ற பள்ளங்கள் என்று வாரியம் பதில் எழுதியது.

அந்த வருடம் மூன்று வண்டிகள் போட்டியில் இருந்தன. பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்து, முகப்பில் இருக்கும் சின்னங்களைக் கறுப்புத் துணியால் கட்டியிருந்தார்கள். எந்த வண்டி எது என்று தெருவில் போகிற குழந்தைக்கும் தெரியும். வாரியத்துக்குத் தெரியாது.

அ வண்டியில் சக்கரத்துக்கு மேலே காற்றுப் பைகள். ஆ வண்டியில் பழைய மாதிரி சுருள்வில், ஆனால் கூடவே நொடிக்கு ஆயிரம் தடவை தன்னைத் தானே இறுக்கியும் தளர்த்தியும் கொள்கிற ஷாக் அப்சார்பர். இ வண்டியில் முன்னால் கேமரா. அது சாலையைப் பார்த்துக்கொண்டே வரும். பள்ளம் வந்தால் சக்கரத்தை மட்டும் இறக்கி ஏற்றிவிடும், உள்ளே இருப்பவருக்கு சேதி போகாது. 

பயணத்தில் தரப் பயணி பேசக்கூடாது. ஓட்டுநருக்கும் அவருக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. கைப்பிடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், அசௌகரியம் ஏற்பட்டால் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சௌகரியம் என்று பொருள். கூடவே ஒரு குறிப்பேடு. கிலோமீட்டருக்கு ஒரு வரி எழுதி, தடுப்புக்குக் கீழே இருக்கும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கிய பிறகு தன் கையாலேயே அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். வேறு யாரும் அதைத் தொட்டால் சோதனையே செல்லாது.

வீட்டுக்கு வந்தபின் எனக்குத் தனி அறிக்கை கிடைக்கும். அ வண்டியில் போய்விட்டு வந்த அன்று, "படகு மாதிரி இருக்கு. வண்டி நின்னுடுது, வயிறு மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டு வருது" என்றார். ஆ வண்டி சாலையில் நடப்பதை எல்லாம் சொல்லும், ஆனால் பதமாகச் சொல்லும் என்றார். நல்ல மருமகளைப் போல என்று சேர்த்துக்கொண்டார். எங்களுக்கு மருமகள் கிடையாது. இ வண்டியைப் பற்றியும் கேட்டேன்.

"உட்கார்ந்தா எங்கயும் போகாத மாதிரி இருக்கு. அப்புறம் பார்த்தா போய்ச் சேர்ந்துட்டோம். இருபத்தாறு வருஷம் ஒவ்வொரு குழியா எண்ணிக்கிட்டுப் போன ஆளு நான். இதுல எந்த ஸ்டாப்புல இருக்கோம்னே தெரியல."

இ வண்டியின் இரண்டாவது சோதனைக்குத்தான் அவர் அன்று ஆறாம் எண் படிவத்தோடு போனார்.

பதினொன்றேகால் மணிக்கு வண்டி தரப் பள்ளத்தைக் கடந்து வாரியத்துக்குள் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்தார். அவர் இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் முகம் திரும்பி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது. மதிப்பீட்டில் "இறங்கத் தயக்கம்" என்று ஓர் அங்கம் இருக்கிறது. வண்டி நின்றபின் பயணி இறங்க எத்தனை நொடி யோசிக்கிறார் என்று பார்ப்பார்கள். எவ்வளவு தயங்குகிறாரோ அவ்வளவு நல்ல வண்டி. அதுவரை இருந்த சாதனை பத்தொன்பது நொடி. ஓட்டுநர் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிடம் ஆனதும் கருவிப் பொறியாளர் ஓடிவந்தார். மூன்று நிமிடம் ஆனதும் இயக்குநரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஐந்தாவது நிமிடம் ஊழியர்கள் கைதட்டத் தொடங்கினார்களாம். பதினொரு நிமிடம் நாற்பது நொடி ஆன பிறகு ஓட்டுநர், விதியை மீறி, அவர் தோளைத் தொட்டார்.

எனக்கு வாரியத்திலிருந்து தொலைபேசி வந்தபோது இஸ்திரி போட்டு முடித்திருந்தேன். "உங்க பயணி இறங்கலைங்க" என்றது அந்தக் குரல்.

இதயம் என்றார் மருத்துவர். நொடியில் முடிந்திருக்கலாம், சில நிமிடங்கள் ஆகியிருக்கலாம் என்றார். வலித்திருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா, கூட இருந்தவங்களைத்தான் கேட்கணும்" என்றார். கூட இருந்தது ஒரு கண்ணாடித் தடுப்பு.

மூன்று வாரம் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் பத்தியில் ஆழ்ந்த இரங்கல். இரண்டாம் பத்தியில், பதினான்காம் எண் படிவத்தில் பயணியின் ஒப்புதல் நிலுவையில் இருப்பதால் நெருங்கிய உறவினர் நேரில் வந்து கையெழுத்திடவும் என்று இருந்தது. படிவமும் இணைத்திருந்தார்கள். "பயணம் முழுவதும் பயணி சௌகரியமாகவே இருந்தார் என உறுதியளிக்கிறேன்."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அச்சான எதையும் இரண்டு தடவை வாசிக்காமல் விடமாட்டேன். அந்த வரியை அன்று பத்துப் பதினைந்து தடவை வாசித்திருப்பேன். அதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அது உண்மையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சச்சரவு நடக்கவில்லை என்று அன்று காலை ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒரே ஆளுக்கு இரண்டாவது பொய்க் கையெழுத்து போட எனக்கு மனமில்லை.

இயக்குநரின் அறை முதல் மாடியில். அங்கே எல்லா நாற்காலிகளும் மரம். சொகுசு நாற்காலியில் உட்கார்ந்தால் தீர்ப்பு கெட்டுவிடும் என்பது வாரியத்தின் கொள்கை. அதிகாரிகள் அனைவரும் முதுகுவலிக்காரர்கள். இயக்குநர் எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, எனக்காகத் தயாரித்திருந்த உரையை ஆற்றினார்.

"உங்க இழப்பு எங்க இழப்பும்மா. சொல்லப்போனா எங்களுதுதான் பெருசு. உங்களுக்குக் கணவர் ஒருத்தர்தான் போனார். எங்களுக்கு எட்டு வருஷ ஒப்பீடே போச்சு. இன்னொரு ஆளைப் போட்டா அ, ஆ, இ மூணையும் மறுபடியும் முதல்லேர்ந்து ஓட்டணும். அடுத்த வெள்ளிக்கிழமை விருது விழா. ஆனா நான் ஒண்ணு சொல்றேன், நீங்க பெருமைப்படணும். அ வண்டியா இருந்திருந்தா முதல் பிரேக்குலயே அவர் தலை முன்னால சாஞ்சிருக்கும். ஆ வண்டியா இருந்திருந்தா முதல் வளைவுலயே ஓட்டுநர் பார்த்திருப்பார். உடனே ஆஸ்பத்திரிக்குத் திருப்பியிருப்பார், சோதனை பாதியில நின்னிருக்கும். இந்த வண்டி அவரை ஒரு சுருக்கம் விழாம கொண்டுவந்து சேர்த்திருக்கு. ஒரு மனுஷன் போனதே தெரியல. உலகத்துல எந்த வாரியத்துக்கும் ஒரு சஸ்பென்ஷனுக்கு இப்படி ஒரு சான்று கிடைச்சதில்ல."

பக்கத்தில் இருந்த இரண்டு அதிகாரிகள் தலையசைத்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்காக என்று சொல்ல முடியாது.

அவருக்கு வலித்ததா என்று கேட்டேன்.

கருவிப் பொறியாளர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு பச்சைக் கோடு கிட்டத்தட்ட நேராக ஓடிக்கொண்டிருந்தது. இருக்கையில் செங்குத்து அதிர்வு சராசரி புள்ளி இரண்டு ஒன்று, இது ஒரு பச்சிளம் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதைவிடக் குறைவு என்றார்.

"வலிச்சுதான்னு கேட்டேன்."

"சிவப்புப் பொத்தான் பூஜ்யம் தடவைங்க."

"அழுத்த முடியாம இருந்திருக்கலாமே."

பொறியாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அழுத்த முடியாததுக்குத் தனிப் பொத்தான் இல்லம்மா" என்றார். உடனே ஒரு சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த வருடத்திலிருந்து சோதனை வண்டிகளில் மஞ்சள் நிறத்தில் இரண்டாவது பொத்தான் ஒன்று வந்திருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்த முடியாதவர்கள் அதை அழுத்த வேண்டும்.

அவருடைய குறிப்பேடு எங்கே என்று கேட்டேன். குறிப்பேடு ஒப்படைக்கப்படவில்லை என்றார் பொறியாளர். எங்கேதான் இருக்கிறது என்றேன். வண்டியிலேயே, அந்தப் பையிலேயே இருக்கிறதாம். வண்டியைப் பூட்டிக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார்களாம். யாராவது எடுத்துவந்து கொடுத்தால் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன்.

"பயணி கையால கொடுக்காத வரைக்கும் அப்படி ஒரு குறிப்பேடு இருக்குறதே எங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் இயக்குநர். "தெரியாத ஒண்ணை நாங்க எப்படி எடுக்க முடியும்? அந்தப் பையில கைவிட உரிமை உள்ளவர் தரப் பயணி ஒருத்தர்தான்."

"அப்ப என்னைத் தரப் பயணியா போடுங்க."

சொல்லும்போது எனக்கே அது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. அவர்களுக்குத் தெரியவில்லை. இ வண்டிக்கு உறுதிச் சோதனை என்று இன்னும் ஒரு ஓட்டம் பாக்கி இருந்தது. விழாவுக்கு முன் அதை முடித்தாக வேண்டும். புதிய ஆளைத் தேர்ந்தெடுக்க இருநூறு நாற்காலி போட வேண்டும். இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுக் கலந்தாலோசித்தார். அரை மணி நேரத்தில் நான் தற்காலிகத் தரப் பயணி ஆனேன்.

சிக்கல் எடையில் வந்தது. நான் ஐம்பத்து நாலு கிலோ. பதினெட்டுக் கிலோ குறைகிறது. தினமும் இரண்டு வேளை கூடுதலாகச் சாப்பிடும்படி முதலில் யோசனை சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது நடக்காது என்று தெரிந்ததும் மணல் மூட்டைகள் என்று முடிவாயிற்று. அடுத்தது ஆறாம் எண் படிவம். உடன் வசிப்பவர் கையெழுத்து வேண்டும். உடன் யாரும் வசிக்கவில்லை என்றேன். எழுத்தர் படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்தார்.

"தனியா இருக்குறவங்களுக்குச் சச்சரவுக்கு வாய்ப்பில்லை, அதனால விலக்கு அளிக்கலாம்னு சொல்லிட்டாங்க மேடம்" என்றார்.

புதன்கிழமை காலை இ வண்டியின் பின் இருக்கையில் ஏறினேன். மடியில் இரண்டு மூட்டை, காலடியில் ஒன்று. அதே ஓட்டுநர். கண்ணாடித் தடுப்பை மூடுவதற்கு முன் அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொறியாளர் பக்கத்திலேயே நின்றதால் சொல்லவில்லை. கதவு சாத்தியதும் வெளியே இருந்த சத்தமெல்லாம் யாரோ கையால் பொத்தியது போல நின்றுவிட்டது.

வண்டி புறப்பட்டதைக் கட்டடம் பின்னால் நகர்ந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மூட்டையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் பைக்குள் கையை விட்டேன். இருந்தது. அட்டையில் அவர் கையெழுத்து. பயணச்சீட்டில் கிறுக்கிக் கிறுக்கிப் பழகிய எழுத்து, எதையும் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நானும் அவரும் சேர்ந்தே போவது போல, வண்டி ஒரு கிலோமீட்டர் கடந்ததும் ஒரு வரி வாசிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்று: "ரைட்."

இரண்டாவது வரியில், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று இருந்தது. மூன்றில், "மேம்பாலம் ஏறியது தெரியவில்லை. இறங்கும்போது ஆறு தெரிந்ததால் பாலம் என்று புரிந்தது." ஐந்தில், "வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயாமல் உள்பக்கம் சாய்கிறது. மரியாதை தெரிந்த வண்டி." ஏழாவது கிலோமீட்டர் கல் பதித்த தெரு. அங்கே பேருந்தில் போனால் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கும் திக்குவாய் வந்துவிடும். "பல் ஆடவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்" என்று எழுதியிருந்தார். ஒன்பதில், "பக்கத்தில் ஒரு பேருந்து. படியில் ஆள். உள்ளே போங்க என்று வாய்வரை வந்துவிட்டது. பேசக்கூடாது."

பன்னிரண்டில், "லேசாக வியர்க்கிறது. ஏ.சி. ஓடுகிறது. ஜன்னல் திறக்கக்கூடாதாம்."

பதின்மூன்றை வாசிக்க எனக்கு ஒரு கிலோமீட்டர் காத்திருக்க முடியவில்லை, ஆனாலும் காத்திருந்தேன். வெளியே பள்ளிக்கூடச் சுவர் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. "தூக்கம் வருகிறது. நல்ல வண்டிதான்."

பதினான்கு: "பல்பு. நாற்பது வாட். இன்றைக்கும் மறந்தால் நாளைக்குக் கையெழுத்து கிடையாது."

அதற்குக் கீழே 15 என்று எண் போட்டு ஒரு புள்ளி வைத்திருந்தார். பிறகு வெள்ளைத் தாள்.

எதையும் எழுதாமல் விடுகிறவர் இல்லை அவர். பல் ஆடாததையே எழுதியவர். வலித்திருந்தால் வலிக்கிறது என்று எழுதியிருப்பார், எனக்கு அது போதுமாக இருந்தது. வண்டி அப்போது பதினான்காவது கிலோமீட்டரில் புதிதாகத் தார் போட்ட, கண்ணாடி போன்ற சாலையில் போய்க்கொண்டிருந்தது. என் கை சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. எப்போது அழுத்தினேன் என்று சொல்லத் தெரியவில்லை. அழுத்தினேன். எடுக்கவில்லை. சாலை திரும்புகிறவரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

தரப் பள்ளம் வந்ததைக் காவலர் குடையை மடக்கிக்கொண்டு எழுந்து நின்றதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். வண்டி நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து, வலக்கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இடக்கையால் மடியிலிருந்த மூட்டைகளைத் தூக்கினார். குனிந்தபோது தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அன்னைக்குக் கண்ணாடியில பார்த்துட்டேதாம்மா வந்தேன். தூங்குறார்னு நெனச்சேன். ஸ்கூல் தாண்டி ஒரு தடவை சிரிச்சார். அதுக்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். எழுப்பியிருக்கணும். ரூல்ஸ்னு இருந்துட்டேன்."

"எழுப்பினா திட்டியிருப்பாருங்க. நடுவுல எழுப்பினா அவருக்குப் பிடிக்காது" என்றேன்.

இறங்க ஏழு நொடி ஆயிற்றாம்.

மேலே எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்குக் கொடுத்திருந்த குறிப்பேட்டை, பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்ததை, என் கையால் ஒப்படைத்தேன். இயக்குநரின் பார்வை என் இன்னொரு கையில் இருந்த குறிப்பேட்டின் மேல் இருந்தது. அதையும் தந்துவிடலாமே என்றார்.

"இது அவரோடதுங்க. அவர் கையாலதானே கொடுக்கணும்?"

விதிப் புத்தகத்தை இயக்குநரும் பொறியாளரும் முன்னும் பின்னுமாகப் புரட்டினார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. அவர் வந்து ஒப்படைக்கும்வரை அது அவரிடமே இருக்கலாம் என்று தீர்மானமாயிற்று. நான் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு பதினான்காம் எண் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேனாவைத் திறந்து, பிழை திருத்தும்போது செய்வது போல, "பயணம் முழுவதும்" என்பதை அடித்துவிட்டு, மேலே "பதினான்காவது கிலோமீட்டர் வரை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேல் எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்றேன். இயக்குநர் அதைப் படித்துவிட்டு, திருத்தம் தெளிவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

விருது இ வண்டிக்கே கிடைத்தது. விழா மலர் அச்சுக்கு எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. "இறங்கத் தயக்கம்: 11 நிமிடம் 40 நொடி (உலகச் சாதனை)" என்ற வரியைச் சரிபார்த்து அனுப்பினேன். எண்கள் சரியாக இருந்தன. ஒரே ஒரு குறை, பதினான்காவது கிலோமீட்டரில் ஒரு சிவப்புப் பொத்தான் பதிவாகியிருந்தது. அந்த இடத்தில் சாலையில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு குழு அமைத்தார்கள். குழு அந்த இடத்தை மூன்று மாதம் ஆராய்ந்தது. நூல் பிடித்துப் பார்த்தார்கள், கோலி உருட்டிப் பார்த்தார்கள். கடைசியில் தாரைப் பெயர்த்துக் கீழே பார்த்தார்கள். எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் பெயர்த்ததை மூட மறந்து போய்விட்டார்கள். இப்போது அங்கே ஒரு நல்ல பள்ளம் இருக்கிறது. அதையும் தரப்படுத்துவது பற்றிப் பேச்சு நடக்கிறதாம்.

புதன்கிழமை அன்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே பல்பு வாங்கிவிட்டேன். நாற்பது வாட்.

அச்சகத்துக்குப் போகிற என் பேருந்து தினமும் வாரியத்தின் வாசல் வழியாகத்தான் போகிறது. இரண்டு தெரு முன்னாலேயே, இப்போது இருக்கும் நடத்துனர், "கம்பியைப் பிடிச்சுக்குங்க" என்று குரல் கொடுப்பார். முன் சக்கரம் இறங்கும், ஏறும். பின் சக்கரம் இறங்கும், ஏறும். நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாரியத்தைத் திட்டுவார்கள். காவலர் குடைக்குக் கீழே இருந்தபடி பேருந்து போன பிறகு அளவுகோலை எடுத்துக்கொண்டு எழுவதைப் பின் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பக்கத்தில் நட்டிருக்கும் பலகையில் அன்றைய ஆழத்தை எழுதி வைப்பார்.

பதினொரு சென்டிமீட்டர்.